மோட்டார் எடுத்த ஆரத்தி

வேதாசலம் மோட்டாருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். ரேடியேட்டரின் அடியில் பழைய தண்ணீரைத் திறந்துவிடுவதற்கென்று ஒரு சின்னத் திருகு இருந்தது. அவர் எந்தப் பக்கம் திருகினாலும் அது அசையவில்லை.

"திரும்புதா மாமா?" என்று வெளியிலிருந்து மாப்பிள்ளை கஜபதி கேட்டார். தண்ணீரைப் பிடிப்பதற்காகத் தவலையைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"என் மணிக்கட்டு தான் திரும்புது மாப்ள. இது திரும்பல."

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க மாமா. அம்மா காத்துகினு இருப்பாங்க."

அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் வேதாசலம் இன்னும் பலமாகத் திருகினார்.

அன்றைக்கு ஆனி மாதம் கடைசி நாள். விடிந்தால் ஆடி. ஆடியில் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் திருத்தணியில் எந்தத் தெருவிலும் கிடையாது. ஆடியில் வீட்டைக் காலி பண்ணப் போகிறவன் வெள்ளைக்காரன் ஒருத்தன் தான் என்று கடைத்தெருவில் எல்லோரும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த வருஷம் அது. அவனுக்கு நம் பஞ்சாங்கம் தெரியாது, போகட்டும். வேதாசலத்துக்குத் தெரியுமே.

அவருடைய ஒரே மகள் கௌரி பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்து, பெண் குழந்தை பெற்று, குழந்தைக்கு இப்போது குப்புற விழத் தெரிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அரக்கோணத்திலிருந்து மாப்பிள்ளை திடுதிப்பென்று வந்து இறங்கினார். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். காபியைக் கூடக் குடிக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா சொல்லி அனுப்பினாங்க மாமா. ஆடி பொறக்கறதுக்குள்ள கௌரியையும் கொழந்தையையும் கூட்டிகினு வந்துடணுமாம்" என்றார்.

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சம்பந்தி தாயாரம்மாள் அப்படிப்பட்டவர். புருஷன் போன பிறகு தனி ஆளாக நின்று மகனை வளர்த்த அம்மாள். கல்யாணத்தன்று பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு மங்களம் வாசித்து முடித்துவிட்டார். அன்றிலிருந்து வேதாசலத்துக்கு அந்த அம்மாளிடம் ஒரு பயம்.

பயம் தனக்காக இல்லை. 'பிறந்த வீட்டுக்காரர்கள் சொன்ன சொல்லைக் கேட்க மாட்டார்கள்' என்று ஒரு பேச்சு கிளம்பினால், அந்த வீட்டில் இருந்துகொண்டு அதைத் தினமும் கேட்க வேண்டியவள் கௌரி. ஆகவே இன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் பெண்ணும் பேத்தியும் வாசற்படி தாண்டியாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு பெண்ணை அனுப்புவதும் கூடாது.

அரக்கோணம் ஒன்றும் ரங்கூன் இல்லை. எட்டு மைல். மலை மேல் ஏறி நின்றால் அந்தப் பக்கத்து ரயில் புகை தெரியும். ஆனால் பேத்தி மத்தியான வேளையில் இவருடைய மார்பின் மேல் தான் தூங்குவாள். நாளை மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்து படுத்தால் மார்பு வெறுமனே இருக்கும். நூல் கடை வேதாசலம் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா?

"மத்தியான ரயில்ல போயிடலாம் மாமா. எனக்கு பாஸ் இருக்குது" என்று காலையிலேயே கஜபதி சொல்லிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இப்படி சொல்றீங்க. கொழந்த மொத மொதலா அப்பன் வூட்டுக்குப் போவுது. கூட்டத்துல இடிபட்டுகினா போவும்? பின்ன எதுக்கு மோட்டார் வாங்கி வெச்சிகினு இருக்கேன்?"

மோட்டார் யுத்தகாலம் முழுக்கப் பெட்ரோல் கிடைக்காமல் ஒரு டாக்டரின் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தது. போன வருஷம் தான் இவர் கைக்கு வந்தது. போன வாரம் ஆர்.கே.பேட்டைக்கு ஓட்டிப் போனபோது நடுவழியில் கொதித்து, முன்பக்கமெல்லாம் ஆவி அடித்தது. அந்த ஆவிக்குப் பக்கத்தில் பேத்தியை வைத்துக்கொண்டு போவதா? பஸ் டிரைவர் ராஜவேலு வழி சொல்லியிருந்தார். "உள்ள இருக்கிறது சண்டைக்கு முந்தி ஊத்தின தண்ணிங்க. தொறந்து வுட்டுட்டு, ஒரு கைப்பிடி சலவைச் சோடா போட்டுக் கழுவி, நல்லா அலசிட்டு, புதுத் தண்ணி ஊத்துங்க. அவ்ளோ தான்."

அவ்ளோ தான் என்று அவர் சொன்ன வேலையில் திருகே இன்னும் திரும்பவில்லை.

"சுத்தியால ஒரு தட்டு தட்டுங்க மாமா" என்றார் கஜபதி.

வேதாசலம் தட்டினார். திருகு முழுதாகக் கழன்று கையோடு வந்தது. சண்டைக்கு முந்திய தண்ணீர் அத்தனையும் துருவோடு சேர்ந்து அவர் முகத்தில் கொட்டியது. கஜபதி தவலையை நீட்டுவதற்குள் பாதிக்கு மேல் மாமாவே வாங்கிக்கொண்டுவிட்டார்.

"தண்ணி வந்துட்ச்சி மாமா" என்றார் கஜபதி சந்தோஷமாக.

"ஆங், தெரியுது" என்று வேதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

திருகின் மரை தேய்ந்துபோயிருந்தது. திரும்ப மாட்டினால் நிற்கவில்லை. கஜபதி ஒரு விறகுச் சிராயைச் சீவி ஆப்பு செய்தார். வேதாசலம் கடையிலிருந்து கொண்டு வந்த நூலை அதில் சுற்றிச் சுற்றி அடித்து இறுக்கினார். அடுத்து சோடா. வேதாசலம் கைப்பிடி அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கஜபதி பொட்டலத்தை அப்படியே வாங்கிக் கவிழ்த்துவிட்டார்.

"ஒரு கைப்பிடின்னு தானே சொன்னாரு."

"நெறைய போட்டா சீக்கிரம் சுத்தமாவும் மாமா. நேரம் இல்ல."

தண்ணீர் ஊற்றி, இன்ஜினைச் சூடேறும் வரை ஓடவிட்டு, ஆப்பைப் பிடுங்கினார்கள். செம்மண் குழம்பு போல வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள்.

"நல்லா அலசணும் மாப்ள. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும்."

"ஒரு அலசு போதும் மாமா. கெணத்துல இறைச்சிகினு இருந்தா சாயங்காலம் ஆயிடும்."

மாப்பிள்ளைக்கு எதிர்ப்பேச்சு பேசி வேதாசலத்துக்குப் பழக்கமில்லை. ஒரு அலசோடு நிறுத்திக்கொண்டு புதுத் தண்ணீர் ஊற்றினார்கள். ரேடியேட்டர் குடித்தது. குடித்த தண்ணீர் முன்பக்கம் இங்கே ஒரு துளி, அங்கே ஒரு துளி என்று எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூவாளியாகிவிட்டது. இத்தனை வருஷமாக ஓட்டைகளை அடைத்துக்கொண்டு நின்றது துரு தான். அதைத் தான் இவர்கள் பாடுபட்டுக் கழுவி வெளியே விட்டிருந்தார்கள்.

அதே நேரத்தில் ஸ்டேஷன் பக்கம் மத்தியான ரயில் ஊதிக்கொண்டு கிளம்பிப் போனது. இனிமேல் அரக்கோணம் போவது திருப்பதிக் கூட்டத்தோடு ராத்திரி வருகிற வண்டி தான். அதில் ஆள் ஏறுவதே கஷ்டம். கைக்குழந்தையோடு ஏறுவது நடக்காத காரியம்.

வேதாசலத்தின் மனைவி ஜெயம்மாள் வாசலுக்கு வந்தாள். ஒழுகுகிற மோட்டாரைப் பார்த்தாள். நனைந்து நிற்கிற புருஷனைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குக் கேட்காத குரலில், "வேணும்னே பண்றீங்க" என்றாள்.

"நானா?"

"பின்ன யாரு? பொண்ண அனுப்ப மனசு வரல. அதுக்குன்னு நல்லா இருந்த வண்டிய ஓட்டை போட்டு வெப்பீங்களா? சம்மந்தி அம்மா என் பொண்ணத் தானே கேப்பாங்க? ஒங்கள வந்து கேப்பாங்களா?"

வேதாசலத்துக்குச் சுருக்கென்றது. அவர் கிணற்றடிக்குப் போய்த் திட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரத்தில் கௌரி மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தை அவள் இடுப்பிலிருந்து தாவி, தாத்தாவின் ஈர மீசையை எட்டிப் பிடித்துக்கொண்டது.

"நைனா, நெஜமா சொல்லு. வேணும்னா பண்ற?"

"இல்லமா. முருகன் சத்தியமா இல்ல." மீசையை விடுவிக்காமலே பேசினார். "ஆனா ஓட்டைன்னு பாத்ததும் ஒரு நிமிஷம் மனசு குளுந்துபோச்சி. அதுக்குத் தான் வெக்கமா இருக்குது."

கௌரி முந்தானையால் அவர் நெற்றியில் இருந்த துருவைத் துடைத்துவிட்டாள். "எட்டு மைலு தானே நைனா."

"எட்டு மைலு தான். ஆனா பாப்பா அழுதா இங்க கேக்காதே."

கௌரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் புருஷனிடம் போக ஆசை தான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் நைனாவை இப்படிக் கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டுப் போகவும் மனசில்லை. "மோர குடி" என்று மட்டும் சொன்னாள்.

வேதாசலம் மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். மனைவி வாயை அடைப்பதற்காகவாவது அந்த மோட்டாரை ஓட வைத்தே தீருவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

கஜபதியிடம் ஒரு யோசனை தயாராக இருந்தது. "எங்க லோகோ ஷெட்ல ஃபிட்டருங்க சொல்வாங்க மாமா. ஒழுவற எடத்துக்கு மஞ்சத்தூள் போட்டா போயி அடைச்சிக்குமாம்."

வீட்டில் மஞ்சள்தூள் ஒரு டின் நிறைய இருந்தது. கௌரி புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போவதற்காக ஜெயம்மாள் காயவைத்து, இடித்து, சலித்து வைத்தது.

"அது பொண்ணு எடுத்துகினு போவறதுக்கு" என்று ஜெயம்மாள் டின்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ போவறதுக்குத் தானே கேக்கறோம்" என்றார் வேதாசலம். ஜெயம்மாள் டின்னை விட்டுவிட்டாள்.

இந்தத் தடவையும் கஜபதி தான் கவிழ்த்தார். இந்தத் தடவையும் முழுதாக. ஆனால் ஃபிட்டர்கள் சொன்னது பொய்யில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு ஓட்டையாகக் கண்ணை மூடிக்கொண்டது. பூவாளி சொட்டாகி, சொட்டும் நின்றது.

"பாத்தீங்களா மாமா" என்றார் கஜபதி. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. உள்ளே ஓடிப்போய், "கௌரி, பொடவ மாத்திக்கோ, கெளம்பறோம்" என்று சொல்லிவிட்டு, கூடவே தொட்டிலையும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜெயம்மாளுக்கும் சமாதானமாயிற்று. அவள் வாசலில் இருந்த துருத் தண்ணீரையெல்லாம் கழுவித் தள்ளிக் கோலம் போட்டாள். பெட்டி படுக்கை வெளியே வந்தது. வேதாசலம் வெளுத்த வேட்டியும் சட்டையுமாக வந்து இன்ஜினை முடுக்கினார். இன்ஜின் ஓடியது. அவர் மனசு அழுதது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மோட்டாரின் முன்னால் வந்து நின்றார்.

ஓட்டையை அடைத்த மஞ்சள் ஓட்டையோடு நிற்கவில்லை. தண்ணீர் போக வேண்டிய வழியையும் சேர்த்து அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் உள்ளே குளுகுளுவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு தட்டு மூடி தடதடப்பது போல ஒரு சத்தம்.

"அதுவா அடங்கிடும் மாமா" என்றார் கஜபதி.

அது அடங்கவில்லை. மூடி ஆகாயத்துக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீச்சி அடித்து, வாசல் முழுக்க, கோலத்தின் மேல், படிக்கட்டின் மேல், வேதாசலத்தின் வெளுத்த வேட்டியின் மேல் கொட்டியது. நல்லவேளையாகக் கீழே வருவதற்குள் சூடு ஆறியிருந்தது. ஆனால் தண்ணீர் மஞ்சளாக இல்லை. இரத்தச் சிவப்பாக இருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது நம் வீடுகளில் யாருக்குத் தான் தெரியாது? ஆரத்தி கரைப்பதே அப்படித் தான். அலசாமல் விட்ட சோடா சுண்ணாம்பின் வேலையைச் செய்திருந்தது. மோட்டார் தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு குடம் ஆரத்தி கரைத்து வைத்திருந்து, வாசலில் கொட்டிவிட்டது.

எதிர்வீட்டு அன்னம்மாள் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். சிவந்த வாசலைப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஆரத்தி எடுத்தீங்க ஜெயம்மா? யாரு வந்துகிறாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் வரல. பொண்ணு கெளம்பறா."

"கெளம்பறவங்களுக்கா? ஆரத்தி வர்றவங்களுக்கு இல்ல எடுப்பாங்க? யாரு எடுத்தது?"

"மோட்டாரு" என்று சொல்லிவிட்டு ஜெயம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் புருஷனைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. வேதாசலம் தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்று யோசித்தார். தன் கௌரவத்துக்காகத் தான் மத்தியான ரயிலை விட்டார். இப்போது அந்தக் கௌரவம் கோலத்தோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இனி அதைப் பிடித்து வைத்து ஆகப்போவதென்ன?

"மாப்ள, ஸ்டேஷன் பக்கம் ஓடிப்போயி ஒரு ஜட்கா பேசிகினு வாங்க. மோட்டாரும் வேணாம், ஒண்ணும் வேணாம். வெளக்கு வெக்கறதுக்குள்ள பொண்ணு படி தாண்டிட்டா போதும். சம்மந்தி அம்மா வார்த்தய நாம தட்டினோம்னு இருக்கக் கூடாது."

கஜபதி ஓடினார். ரயிலைத் தவறவிட்டவன் அதைத் துரத்துவது போல அப்படி ஓடினார்.

வேதாசலம் பேத்தியை வாங்கிக்கொண்டார். அவள் சிவந்த சட்டையில் முகத்தைப் பதித்து, இருந்த களைப்பில் உடனே தூங்கிப்போனாள். அவளும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டு தானே இருந்தாள். அவர் அசையாமல் நின்றார். ஜட்கா கிடைக்காமல் போகட்டும் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதை அதட்டி உள்ளே அனுப்பினார். அது மறுபடி எட்டிப் பார்த்தது.

ஜட்கா கிடைத்துவிட்டது. தெருமுனையில் சலங்கைச் சத்தம் கேட்டது. ஆனால் கஜபதி வண்டிக்குள் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குதிரைக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். வண்டிக்குள் வெள்ளைப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் தாயாரம்மாள்.

ஜெயம்மாள் படியிலிருந்து துள்ளி எழுந்தாள். கௌரி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். வேதாசலம் பேத்தியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விளக்கு வைக்கவும் பொறுக்காமல், மருமகளை அழைத்துப் போகத் தானே புறப்பட்டு வந்துவிட்டார் என்றால் கோபம் எந்த மட்டுக்கு இருக்கும்.

தாயாரம்மாள் இறங்கினார். வாசலில் கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். சிவந்த தண்ணீர் கோலத்தைச் சுற்றித் தேங்கி நின்றிருந்தது. அதைப் பார்த்தார். வரிசையாக நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"எனக்கா?" என்று கேட்டார்.

எல்லோரும் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு போன பின்னால எந்த வாசல்லியும் எனக்கு யாரும் ஆரத்தி எடுத்தது கெடையாது ஜெயம்மா. ஓரமா வந்து ஓரமா போயிடுவேன். நீங்க இன்னாடான்னா நான் வர்றதுக்கு முன்னியே எடுத்துக் கொட்டி வெச்சிகினு நிக்கிறீங்க."

அன்னம்மாள் வாயைத் திறக்கப் போனாள். ஜெயம்மாள் அவள் காலை ஓர் அழுத்து அழுத்திவிட்டு, முன்னால் போய்ச் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குத் தாங்க. வேற யாருக்கு? வாங்க, உள்ள வாங்க" என்றாள். சொல்லும்போது அது நிஜமாகவே அப்படித் தான் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. தாயாரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த அம்மாளுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று வேதாசலத்துக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அந்தத் தைரியத்தில், தூங்குகிற பேத்தியை மார்பில் அணைத்தபடியே ஓரடி முன்னால் வந்தார்.

"சம்மந்தி அம்மா, நீங்க மன்னிச்சிக்கணும். ஆடி பொறக்கறதுக்குள்ள பொண்ண அனுப்பிடணும்னு சொல்லி அனுப்பினீங்க. காலைலேர்ந்து நானும் மாப்பிள்ளையும் படாத பாடு பட்டுட்டோம். வண்டி தான் சதி பண்ணிடுச்சி. நீங்களே ஒரு நட வர்ற மாதிரி ஆயிடுச்சி. தப்பு என் மேல தான், கௌரிய ஒண்ணும் சொல்லாதீங்க."

கஜபதி குதிரைக்குப் புல் போடுவதில் மும்முரமாக இருந்தார். குதிரை அதைத் தின்று முடித்துவிட்டு, வெறுங்கையை முகர்ந்துகொண்டிருந்தது.

தாயாரம்மாள் சம்பந்தியைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார்.

"நான் எங்க அப்படி சொன்னேன்? போனவன் திரும்பலியேன்னு தானே நானே தேடிகினு வந்தேன். ஆடி பூரா அவ அம்மா வூட்லியே இருக்கட்டும், ஆவணி கிருத்திகைக்கு நானே வந்து கொழந்தைக்கு முடி எறக்கிக் கூட்டிகினு வரேன்னு சொல்லிட்டு, ராத்திரி வண்டியிலியே திரும்பிடுடான்னு தானே சம்மந்தி இவன நேத்து அனுப்பி வெச்சேன்?"